காலை ரேட் ஏன் வந்து சேரவில்லை: ஒரு பூ மார்க்கெட் செயலியின் நிகழ்வு ஆய்வு

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு நாங்கள் செய்துகொடுத்த செயலியைப் பற்றியது இது. வேலை சின்னது. காலையில் விலை படிந்ததும் கடைக்காரர் மல்லி, பிச்சி, முல்லை, சம்பங்கி என்று நாலைந்து ரேட்டைத் தன் செல்லில் தட்டுவார். அந்தக் கடைக்குப் பூ போடும் விவசாயிகளின் செல்லில் உடனே மணி அடித்து ரேட் தெரிய வேண்டும். அதுவரை வாட்ஸ்அப் குரூப்பில்தான் போட்டுக்கொண்டிருந்தார். காலை வணக்கப் படங்களுக்கு நடுவே ரேட் புதைந்துபோகிறது, யாரும் பார்ப்பதில்லை என்றுதான் எங்களிடம் வந்தார்.

மல்லி, மொட்டாக இருக்கும்போதே விற்றாக வேண்டிய பூ. விடியுமுன்னே தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு பறிக்க இறங்குகிறார்கள். பொழுது சாய்ந்து மலர்ந்துவிட்டால் அதைக் கேட்க ஆளில்லை. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ரேட் ஏறும், மறுநாள் விழும். ஒரே காலையில்கூட வரத்தைப் பொறுத்து மாறும். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லிக்கும் இந்த விதியிலிருந்து விலக்கு கிடையாது.

உசிலம்பட்டிப் பக்கம் 40 சென்டில் மல்லி வைத்திருக்கும் ஓர் அக்கா எங்கள் முதல் பயனர்களில் ஒருவர். அவர் இரண்டு நடையாகப் பறிக்கிறார். முதல் கூடை வேனில் மதுரைக்கு வந்துவிடும். இரண்டாவது கூடையை மாட்டுத்தாவணிக்கு அனுப்புவதா, உசிலம்பட்டி மார்க்கெட்டிலேயே போடுவதா, சென்ட் கம்பெனிக்காரருக்கு எடை போட்டுவிடுவதா என்பதைக் காலை ரேட் தெரிந்த பிறகுதான் முடிவு செய்வார். ஒரு வைகாசி முகூர்த்தத்துக்கு முந்தின நாள் அவருக்கு மணி அடிக்கவில்லை. ஆறு கிலோவை உள்ளூரில் போட்டுவிட்டார். கிலோவுக்கு 300 ரூபாய் வித்தியாசம். 1,800 ரூபாய் என்பது அவர் வீட்டில் பறிகூலி.

“உங்க ஆப் ஒரு நா வருது, ஒரு நா வரல தம்பி. எடுத்துப் பாத்தாத்தான் வருது” என்றார். கடைக்காரர் இன்னும் கறாராகச் சொன்னார்: “வாட்ஸ்அப் வருது, யூடியூப் வருது. உங்களது மட்டும் வராதுன்னா அது உங்க வேலைதானே?”

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. மூன்று வாரம் எங்களையே குடைந்துகொண்டிருந்தோம்.

எங்கே காணாமல் போகிறது?

எங்கள் சர்வரிலிருந்து சேதி, செல்களுக்கு அறிவிப்புகளைக் கொண்டு சேர்க்கும் கூகுளின் எஃப்சிஎம் சேவைக்குப் போகிறது. அங்கிருந்து செல்லுக்குப் போகிறது. எஃப்சிஎம் ஒவ்வொரு சேதிக்கும் ‘வாங்கிக்கொண்டேன்’ என்று எண் கொடுத்திருந்தது. அவசர முன்னுரிமை வைத்தோம், சேதியின் வடிவத்தை மாற்றினோம், செயலியின் எடையைக் குறைத்தோம். பலன் இல்லை. கடைசியில் புகார் சொன்னவர்களின் செல்போன் மாடலை ஒரு தாளில் வரிசையாக எழுதினோம். எழுதி முடிக்கும் முன்பே தெரிந்துவிட்டது. எல்லாம் ஒரே கம்பெனியின் போன்கள்.

அந்தக் கம்பெனியின் பெயரை எழுதப் போவதில்லை. இந்தப் பழக்கம் அவர்களிடம் மட்டும் இருப்பதும் இல்லை. டவுன்ஹால் ரோட்டில் அதே மாடலில் பழைய போன் ஒன்றை வாங்கி, அலுவலக மேசையில் கேபிளில் மாட்டிவைத்துப் பார்க்க ஆரம்பித்தோம்.

ஆண்ட்ராய்டில் ‘ஃபோர்ஸ் ஸ்டாப்’ என்று ஒன்று உண்டு. செட்டிங்ஸுக்குள் போய், செயலியைத் தேடிப் பிடித்து, பயனரே தெரிந்து அழுத்த வேண்டிய பொத்தான். அழுத்தினால் செயலி ‘நிறுத்தப்பட்ட’ நிலைக்குப் போகும். 2011-இல் வந்த ஆண்ட்ராய்டு 3.1 முதல் இருக்கும் ஏற்பாடு இது. அந்த நிலையில் உள்ள செயலிக்கு எஃப்சிஎம் சேதி போய்ச் சேராது. பயனர் கையால் திறந்தால்தான் மறுபடி உயிர் வரும். அக்கா சொன்ன ‘எடுத்துப் பாத்தாத்தான் வருது’ எவ்வளவு துல்லியமான விவரம் என்று அப்போதுதான் உறைத்தது. புகாரின் முதல் வரியிலேயே விடை இருந்திருக்கிறது.

ஆனால் அக்கா எந்த ஃபோர்ஸ் ஸ்டாப்பையும் அழுத்தவில்லை. எல்லோரையும் போல, சமீபத்தில் திறந்தவற்றைக் காட்டும் திரையில் செயலியை மேலே தள்ளிவிட்டிருந்தார். கூகுளின் ஆண்ட்ராய்டில் அப்படித் தள்ளிவிட்டால் செயலி நிறுத்தப்பட்ட நிலைக்குப் போகாது. மேசையில் இருந்த போனில் எங்கள் செயலியைத் தள்ளிவிட்டு, ஏடிபி என்ற, கணினியிலிருந்து போனைச் சோதிக்கும் கருவி வழியாக அதன் நிலையைக் கேட்டோம். ‘ஸ்டாப்டு’ என்ற இடத்தில் ‘ட்ரூ’ என்று வந்தது; அதாவது நிறுத்தப்பட்டுவிட்டது. அதே விரலால் அந்தக் கம்பெனியின் சொந்த வானிலைச் செயலியைத் தள்ளிவிட்டோம். ‘ஃபால்ஸ்’. பத்துத் தடவை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தோம். பத்துத் தடவையும் இதே பதில்தான்.

பேட்டரி சிக்கனத்திலிருந்து ஒரு செயலிக்கு விலக்கு இருக்கிறதா என்று கேட்க ஆண்ட்ராய்டு 6 முதல் முறையான ஏபிஐ ஒன்று, அதாவது செயலி கேட்டுப் பதில் வாங்கும் வாசல், இருக்கிறது. கூகுளின் கையேட்டில் உள்ளது, யாரும் கூப்பிடலாம். பயனரிடம் அனுமதி வாங்கிவிட்டு அதைக் கேட்டோம்; ‘விலக்கு உண்டு’ என்றது. அப்படிச் சொன்ன பிறகும் தள்ளிவிட்டால் செயலி நின்றுபோனது. கையேட்டில் உள்ள ஏபிஐக்குப் பின்னால், கையேட்டில் இல்லாத இன்னொரு கணக்கைக் கம்பெனி வைத்திருக்கிறது. செட்டிங்ஸின் உள்ளறையில் இருக்கும் ‘ஆட்டோஸ்டார்ட்’ சுவிட்ச் அந்தக் கணக்கின் ஒரு முனை. எங்களுக்கு அது அணைந்தே வருகிறது. எரிகிறதா அணைந்திருக்கிறதா என்று செயலி கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழி கொடுக்கவில்லை.

போனின் சிஸ்டம் பகுதியில் தேடியபோது ஒரு பட்டியல் கோப்பு கிடைத்தது. யாரைக் கொல்லக்கூடாது என்ற பட்டியல். அதில் அந்தக் கம்பெனியின் சொந்தச் செயலிகள் வரிசையாக இருந்தன. உலகமே பயன்படுத்தும் சில பெரிய செயலிகளும் இருந்தன. வானிலைச் செயலியைப் பிரித்துப் பார்த்தோம். பின்னணியில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கம்பெனியின் சேவை ஒன்றை அது நேரடியாகக் கூப்பிடுகிறது. அந்த அழைப்பைப் பற்றி டெவலப்பர்களுக்கான அவர்களின் பக்கத்தில் ஒரு வரி கிடையாது. நாங்கள் கூப்பிட்டுப் பார்த்தபோது அனுமதி மறுப்பு வந்தது: கம்பெனியின் சொந்தச் சாவியால் கையெழுத்தான செயலிகளுக்கு மட்டும்.

இதையெல்லாம் கடைக்காரரிடம் விளக்கினோம். அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டார். “சரி தம்பி, அப்ப அவங்க ரேட் ஆப் ஒண்ணு விட்டா அது மட்டும் மணி அடிக்குமா?” என்று கேட்டார். அடிக்கும் என்றேன். இந்த விவகாரத்தின் சாரத்தை அவர் ஒரே கேள்வியில் பிடித்துவிட்டார் என்று இன்றும் நினைக்கிறேன்.

முன்பே நடந்தது

ஏபிஐ என்பது ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் வேலை கேட்கும் வாசல். இயங்குதளம் செய்கிறவர்கள் எந்தெந்த வாசல் எங்கே இருக்கிறது என்று எழுதிக் கொடுக்கிறார்கள். மற்றவர்கள் அதைப் பார்த்துச் செயலி எழுதுகிறார்கள். எழுதாத வாசல்களும் எப்போதும் இருக்கும், இருக்கவும் வேண்டும். இயங்குதளம் செய்பவரே செயலியும் விற்கும்போது, அவருடைய செயலி மட்டும் எழுதாத வாசல் வழியாகப் போய் வருவதுதான் பிரச்சினை.

1992-இல் ஆண்ட்ரூ ஷுல்மனும் அவரோடு சேர்ந்தவர்களும் விண்டோஸின் எழுதப்படாத அழைப்புகளைத் தோண்டியெடுத்துப் புத்தகமாகவே போட்டார்கள். அவற்றில் சிலவற்றை மைக்ரோசாஃப்டின் சொந்தச் செயலிகள் பயன்படுத்தியதும் அப்போது பேச்சானது. போட்டி நிறுவனமான லோட்டஸின் மென்பொருள் ஓடாமல் போகும் வரை தங்கள் டாஸ் இயங்குதள வேலை முடிந்ததாகாது என்று மைக்ரோசாஃப்டுக்குள் சொல்லிக்கொண்டார்கள் என்றொரு கதையும் அந்தக் காலத்திலிருந்து உலவுகிறது. அதை யாரும் நிரூபித்ததில்லை. வாதத்துக்கு அது தேவையும் இல்லை; நீதிமன்றத்தில் பதிவான சான்றே போதுமான அளவு இருக்கிறது.

அதில் என்னை அதிகம் பாதித்தது வேர்ட்பெர்ஃபெக்ட் வழக்கு. 1994-இல் நோவெல் நிறுவனம், மைக்ரோசாஃப்ட் வேர்டுக்குப் போட்டியாக இருந்த எழுத்துச் செயலியான வேர்ட்பெர்ஃபெக்டை வாங்கியது. விண்டோஸ் 95 அப்போது தயாராகிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் வெளியார் டெவலப்பர்களுக்குக் கொடுத்த சோதனைப் பதிப்பில் ‘நேம்ஸ்பேஸ் எக்ஸ்டென்ஷன்’ என்ற ஏபிஐகளின் விவரமும் இருந்தது. அதை வைத்து ஒரு செயலி, விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரின் கிளைகளுக்குள் தன் சொந்தக் கோப்புறையைத் தொங்கவிடலாம். நோவெல் அதை நம்பி வேலையை ஆரம்பித்தது. அக்டோபர் 1994-இல் பில் கேட்ஸ் அந்த விவரத்தைத் திரும்பப் பெற முடிவெடுத்தார். அவர் எழுதிய மின்னஞ்சல் பின்னால் வழக்கில் வந்தது. இவற்றை வெளியிட வேண்டாம், லோட்டஸ் நோட்ஸும் வேர்ட்பெர்ஃபெக்டும் எளிதில் எட்டிப்பிடிக்க முடியாத ஒருங்கிணைப்பு நம்மிடம் தயாராகும் வரை பொறுப்போம், அது ஆஃபீஸுக்கு உண்மையான அனுகூலம் தரும் என்பது அதன் சாரம்.

இருக்கிறது என்று காட்டி, நம்ப வைத்து, பாதி வீடு எழும்பிய பிறகு அஸ்திவாரத்தை எடுத்தது போன்ற நிலை. 1996-இல் நோவெல் வேர்ட்பெர்ஃபெக்டைக் கோரெலுக்கு விற்றுவிட்டது. 2004-இல் வழக்குப் போட்டது. 2011-இல் யூட்டாவில் நடந்த விசாரணைக்கு கேட்ஸே வந்து சாட்சி சொன்னார். ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. அடுத்த வருஷம் நீதிபதி மைக்ரோசாஃப்டுக்குச் சாதகமாக வழக்கை முடித்தார். 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. போட்டியாளருக்கு உதவ வேண்டும் என்ற பொதுவான கடமை ஒரு நிறுவனத்துக்கு இல்லை என்பது தீர்ப்பின் மையம். அதை எழுதிய நீல் கோர்சச் இப்போது அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறார். இந்தத் தீர்ப்பை நான் தள்ளிவைக்கவில்லை. சட்டம் இந்த விஷயத்தில் டெவலப்பருக்கு எவ்வளவு தூரம் துணை வரும், எங்கே நின்றுவிடும் என்று அது காட்டுகிறது.

அதே மைக்ரோசாஃப்ட் மீது அமெரிக்க அரசு போட்ட வழக்கு வேறு மாதிரி முடிந்தது. நவம்பர் 2002-இல் நீதிபதி கொலீன் கொல்லர்-கோட்டெல்லி கொடுத்த இறுதி ஆணைப்படி, மைக்ரோசாஃப்டின் உலாவி முதலான இடைநிலை மென்பொருள்கள் விண்டோஸோடு பேச எந்த ஏபிஐகளைப் பயன்படுத்துகின்றனவோ, அவற்றை வெளியாருக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கான ஏற்பாடாக ஆகஸ்ட் 2002-லேயே, அதுவரை மூடிவைத்திருந்த 272 ஏபிஐகளை வெளியிடுவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தது. அந்த ஆணை மே 2011 வரை நடப்பில் இருந்தது. அதில் எனக்குப் பிடித்தது அளவுகோல்: எல்லா வாசலையும் திற என்று அது கேட்கவில்லை. உன் மென்பொருள் போகிற வாசலை மற்றவர்களுக்கும் காட்டு என்றது.

ஐரோப்பாவில் 2004-இல் மைக்ரோசாஃப்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் விழுந்தது. சர்வர்கள் பேசிக்கொள்ளும் விவரங்களைக் கொடுக்கச் சொன்னார்கள். 2007 செப்டம்பரில் தீர்ப்பு உறுதியானது. அந்த டிசம்பரில், லினக்ஸ் சர்வரை விண்டோஸ் கணினிகளோடு பேச வைக்கும் சம்பா என்ற மென்பொருளின் குழுவுக்கு அந்த ஆவணங்கள் 10,000 யூரோ கட்டணத்தில் கிடைத்தன. லினக்ஸ் சர்வரில் சம்பா போட்டு விண்டோஸ் கணினிகளை இணைத்த கல்லூரி லேப் நிர்வாகி யாரையாவது கேட்டால், அதற்கு முன் அந்த வேலை எவ்வளவு ஊகத்தில் நடந்தது என்று சொல்வார்.

ஆப்பிளின் கதை வேறு தினுசு. வெளியார் செயலிகள் பொது ஏபிஐகளை மட்டுமே தொடலாம் என்பது அவர்கள் விதி. 2014-இல் ஐஃபோன் 6-இல் வந்த, அருகே காட்டினாலே பேசும் என்எஃப்சி சில்லை வைத்துக் கடையில் பணம் கட்டுவது பல வருஷம் ஆப்பிள் பேவுக்கு மட்டுமே முடிந்தது; ஐரோப்பிய ஆணையத்தின் விசாரணைக்குப் பிறகு, ஜூலை 2024-இல் அங்கே அதைத் திறக்க ஒப்புக்கொண்டார்கள். தமிழ் தட்டுகிறவர்களுக்கு இன்னும் கிட்டத்து உதாரணம் இருக்கிறது. ஐஓஎஸ் 8 வரும் வரை வெளியார் விசைப்பலகைக்கு ஐஃபோனில் இடமில்லை. தமிழ் விசைப்பலகை செய்தவர்கள் தங்கள் செயலிக்குள் தட்டச் சொல்லி, நகலெடுத்து, வேறிடத்தில் ஒட்டச் சொல்ல வேண்டியிருந்தது. திறமை குறைவால் அப்படிச் செய்யவில்லை. வாசல் இல்லை, அவ்வளவுதான்.

நம் நாட்டில்

அக்டோபர் 20, 2022-இல் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அந்த ஆணையில் இருந்த கட்டளைகளில் ஒன்று, ஆண்ட்ராய்டு செயலிகள் நம்பியிருக்கும் கூகுளின் பிளே சர்வீசஸ் என்ற சேவையின் ஏபிஐகளை மறுத்துப் போன் கம்பெனிகளையோ செயலி செய்பவர்களையோ பாதகத்தில் தள்ளக்கூடாது என்பது. மார்ச் 29, 2023-இல் தேசிய கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை அப்படியே வைத்துவிட்டு, நான்கு கட்டளைகளை நீக்கியது. ஏபிஐ கட்டளையும் அதில் போனது. பிறகு விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

அந்த வழக்கு கூகுளைப் பற்றியது. எங்கள் பிரச்சினை, ஆண்ட்ராய்டை வாங்கித் தன் சரக்கைச் சேர்த்து விற்கும் போன் கம்பெனியோடு. இரண்டையும் குழப்பக்கூடாது. இருந்தாலும் அந்த ஒரு கட்டளை நின்றிருந்தால், ‘இது தப்பு’ என்று சுட்டிக்காட்ட எங்களைப் போன்றவர்கள் கையில் ஒரு வரி இருந்திருக்கும்.

கம்பெனியின் பக்கமும், எங்கள் தப்பும்

இதைச் சொல்லாமல் விட்டால் ஆய்வு முழுமையாகாது. பின்னணிச் செயலிகளை அடக்குவதற்கு நியாயமான காரணம் உண்டு. குறைந்த விலைப் போன்களில் நினைவகம் குறைவு. கண்ட செயலியும் பின்னால் ஓடிப் பேட்டரியைத் தின்னும். எழுதிவைக்காததற்கும் காரணம் உண்டு. ஒரு ஏபிஐயை எழுதிக் கொடுத்துவிட்டால் அதை வருஷக்கணக்கில் மாற்றாமல் சுமக்க வேண்டும். எழுதாதவரை எப்போது வேண்டுமானாலும் பிரித்துக் கட்டலாம். கூகுளே ஆண்ட்ராய்டு 9-இலிருந்து மறைவான அழைப்புகளை வெளியார் செயலிகள் தொடுவதைக் கட்டுப்படுத்தத் தொடங்கியது இதனால்தான்.

அந்தக் காரணத்தை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். ஆட்டோஸ்டார்ட் சுவிட்ச் இருக்கும் திரையைத் தேடிப் போக விவசாயிகளுக்குச் சிரமம் என்று, அந்தத் திரையின் உள்பெயரைக் கண்டுபிடித்து நேராகத் திறக்கும் பொத்தான் ஒன்றை வைத்தோம். கையேட்டில் இல்லாத பெயர். இரண்டு மாதம் அருமையாக ஓடியது. புகார்கள் நின்றே போயின. ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பு கம்பெனி ஓர் அப்டேட் விட்டது. திரையின் பெயர் மாறிவிட்டது. செயலியைத் திறந்த உடனே அந்தத் திரையைத் தேடும்படி எழுதியிருந்ததால், திறந்தவுடனே செயலி விழுந்தது. திருத்தி அனுப்ப ஒன்றரை நாள் ஆனது. அது முழுக்க எங்கள் தப்பு. எழுதப்படாத வாசலை நம்பி வீடு கட்டக்கூடாது என்று படித்துவிட்டு நாங்களே கட்டினோம்.

ஆனால் கம்பெனியின் வானிலைச் செயலி அந்த அப்டேட்டில் விழவில்லை. வாசலை மாற்றுகிறவரும் அதன் வழியாகப் போகிறவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். மாற்றம் முன்கூட்டியே தெரியும். பேட்டரிதான் காரணம் என்றால், சொந்தச் செயலியையும் அதே விரல் தள்ளலில் நிறுத்தட்டும். இல்லையென்றால் அது கூப்பிடும் சேவையை எழுதி வெளியிட்டு, பயனரின் சம்மதத்தோடு மற்றவர்களும் கூப்பிடட்டும். சம்மதம் கேட்பதில் எங்களுக்கு ஒரு தயக்கமும் இல்லை. குறைந்தபட்சம் அந்த சுவிட்ச் எரிகிறதா என்று கேட்கவாவது ஓர் ஏபிஐ கொடுத்தால், “அக்கா, உங்க செல்லுல இது அணைஞ்சிருக்கு” என்று செயலியே சொல்லிவிடும். இதைத்தான் கம்பெனிக்கு எழுதினோம். ஆட்டோஸ்டார்ட்டை எப்படிப் போடுவது என்ற படங்களை அனுப்பி வைத்தார்கள்.

இப்போது எப்படி ஓடுகிறது

குறுஞ்செய்தி அனுப்பலாம் என்று முதலில் நினைத்தோம். வணிகக் குறுஞ்செய்திகளுக்கான டிஎல்டி பதிவேட்டில் பதிவு, வார்ப்புரு ஒப்புதல் என்று வேலை இருக்கிறது. அதைவிட முக்கியமாக, பூப் பறிக்கும் கையோடு யாரும் குறுஞ்செய்தி படிப்பதில்லை. ஆகவே இப்படிச் செய்தோம். சேதி கிடைத்ததும் செயலி சர்வருக்கு ஒரு ரசீது அனுப்பும். இரண்டு நிமிடத்துக்குள் ரசீது வராத எண்ணுக்குத் தானாகவே போன் போகும். கடைக்காரர் காலையில் தன் குரலில் பதிந்த ரேட் அதில் ஓடும். இதற்கு எந்தக் கம்பெனியின் தயவும் வேண்டாம். போன் அடிப்பதை எந்தப் பட்டியலும் தடுக்கவில்லை. அக்கா முதல் நாள் அந்தக் குரலுக்குப் பதில் பேசி, இரண்டாவது கூடையையும் அனுப்புவதாகச் சொல்லிவிட்டு, அப்படியே அனுப்பியும் வைத்தார்.

ஒவ்வொரு அழைப்புக்கும் காசு. அதைக் கடைக்காரர்தான் கட்டுகிறார். போன மாதக் கணக்கில் 41 பேருக்கு அழைப்பு போயிருக்கிறது; அவர்களில் 36 பேர் கையில் இருப்பது அந்தக் கம்பெனியின் போன். புது மாடல் எது சந்தைக்கு வந்தாலும், யாரிடமாவது ஒரு நாள் இரவல் வாங்கி, எங்கள் செயலியையும் அவர்கள் வானிலைச் செயலியையும் ஒரே மாதிரி தள்ளிவிட்டு, இரண்டின் நிலையையும் நோட்டில் எழுதிவைக்கிறோம்.